ஓட்டுநரின் பன்னிரண்டு மணி நேரம்: ஆஸ்திரேலியாவுக்கு வரும் கல்லூரி அணிகளின் செலவுக் கணக்கு

ஆஸ்திரேலியாவுக்கு விளையாட வரும் கல்லூரி அணிகளுக்குத் தங்குமிடம், பேருந்து, மைதானம், சாப்பாடு ஆகியவற்றை ஏற்பாடு செய்து தரும் சிறிய நிறுவனம் ஒன்றில் சிட்னியில் பணியாற்றுகிறேன். ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூடைப்பந்து அணிகளும், இங்குக் கோடையாக இருக்கும் டிசம்பரை ஒட்டிய வாரங்களில் இந்தியாவிலிருந்து கிரிக்கெட் அணிகளும் வருகின்றன. முதன்முதலாகத் தொலைபேசியில் பேசும்போது எல்லோரும் கேட்பது விமானக் கட்டணத்தையும் அறை வாடகையையும் பற்றித்தான். அவை பெரிய தொகைகள் என்றாலும், ஊரிலிருந்து புறப்படும் முன்பே தெரிந்துவிடுபவை. தாளில் எழுதிக் கூட்டிவிடலாம். வந்து இறங்கிய பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையிருப்பைக் கரைத்து, கடைசி வாரத்தில் மேலாளரைத் தூங்கவிடாமல் செய்யும் செலவுகள் வேறு. அவற்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் எல்லாமே விலை அதிகம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அணியை அழைத்து வருகிறவருக்கு அந்தப் பொதுப்பேச்சால் பயன் இல்லை. இங்கே பொருளின் விலையைக் காட்டிலும் அதைச் சமைத்து, சுமந்து, துவைத்து, ஓட்டிக் கொடுக்கிற மனிதரின் நேரத்துக்கே விலை அதிகம் என்பதை அவர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 2025 ஜூலை 1-இல் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 ஆஸ்திரேலிய டாலராக உயர்ந்தது; நிரந்தரமற்ற பணியாளராக இருந்தால் அதற்கு மேல் 25 விழுக்காடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஹோட்டல், விடுதித் துறைக்குப் பொருந்தும் ஊதிய ஆணைப்படி, அத்தகைய பணியாளருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அடிப்படை ஊதியத்தின் 175 விழுக்காடும், பொது விடுமுறை நாள்களில் 250 விழுக்காடும் தர வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் மகள் ஒரு ரொட்டிக்கடையில் ஞாயிறுதோறும் நின்றுதான் தன் படிப்புச் செலவில் ஒரு பகுதியைப் பார்த்துக்கொண்டாள். ஆனால் சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு லிட்டர் பாலை மூன்று, நான்கு டாலருக்கு வாங்க முடிகிற நாட்டில், அந்தப் பாலில் கொஞ்சத்தைச் சூடாக்கிக் காப்பி கலந்து கொடுத்தால் கோப்பைக்கு ஐந்து, ஆறு டாலர் ஆகிவிடுவது ஏன் என்பது இந்தக் கணக்கிலிருந்துதான் விளங்கும். இருபது பேர் கொண்ட குழு அதைக் காலை, மதியம், இரவு என்று பெருக்கிக்கொண்டே போகிறது.

அமெரிக்க அணிகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பணம் இருக்கும் குழுவுக்கே இது எப்படிப் புரியாமல் போகிறது என்பதைப் பார்த்தால் நம் அணிகளுக்கு என்ன ஆகும் என்பது தானாகத் தெரியும். அங்குள்ள தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.-வின் விதிகள், ஓர் அணி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிநாட்டுப் பயணம் மேற்கொள்ளவும், அதற்கு முன்பாகப் பத்துப் பயிற்சி நாள்களைக் கூடுதலாகப் பயன்படுத்திக்கொள்ளவும் இடம் தருகின்றன. அந்தப் பயிற்சிக்காகவே பல பயிற்சியாளர்கள் பயணத்தை விரும்புகிறார்கள். (2016-இல் சிட்னி ஒலிம்பிக் அரங்கில் ஹவாயை 51–31 என்று வென்ற கலிஃபோர்னியா, 2017-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தை 62–7 என்று வென்ற ஸ்டான்ஃபோர்டு போன்ற அமெரிக்கக் கால்பந்து அணிகளின் வருகை வேறு வகை. அவை பெரும்படையாக வந்து இறங்குபவை. எங்களைப் போன்ற சிறிய நிறுவனங்களுக்கு அதில் வேலை இல்லை.) அமெரிக்க டாலர் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆஸ்திரேலிய டாலர் கிடைப்பதால், பில்லில் உள்ள விலையைப் பார்த்து அவர்கள் முதலில் அதிர்வதில்லை. பரிமாறும் அளவைப் பார்த்துத்தான் அதிர்கிறார்கள். ஆறடி பத்து அங்குல உயரமுள்ள மைய ஆட்டக்காரருக்கு இங்குள்ள ஒரு தட்டு உணவு போதவே போதாது. குளிர்பானத்தை இலவசமாக மறுபடி நிரப்பித் தரும் வழக்கமும் இங்குப் பெரும்பாலும் இல்லை. எனவே ஒருவருக்கு ஒரு தட்டு என்று போட்டு வந்த கணக்கு முதல் இரவிலேயே ஒன்றரைத் தட்டாகிறது.

பிரிஸ்பேனில் ஒரு புதன்கிழமை காலையில் நடந்ததைச் சொல்கிறேன். ராயல் குவீன்ஸ்லாந்து கண்காட்சியை அங்கே 'எக்கா' என்று அழைக்கிறார்கள். அதற்காக ஆகஸ்ட் மாதத்துப் புதன்கிழமை ஒன்று பிரிஸ்பேனுக்கு மட்டும் பொது விடுமுறை. அருகிலுள்ள கோல்ட் கோஸ்ட்டுக்கு வேறு நாள். பயண நிரலை அமெரிக்காவில் உட்கார்ந்து தயாரித்தவர்கள் தேசிய விடுமுறைப் பட்டியலை மட்டும் பார்த்திருந்தார்கள். அதில் எக்கா இல்லை. சவுத் பேங்க் பகுதியில் ஒரு கஃபேயில் ஆட்டக்காரர்களும் பயிற்சிக் குழுவினருமாக இருபத்தொரு பேர் காலை உணவு உண்டு முடித்தார்கள். ஐந்நூறு டாலரைத் தாண்டிய பில்லின் அடியில், பொது விடுமுறைக் கூடுதல் கட்டணம் 15 விழுக்காடு என்று ஒரு வரி. எண்பது டாலருக்கு மேல். குழுவின் நிர்வாக மேலாளர் அந்த வரியை விரலால் தொட்டுக்காட்டி, "இன்று புதன்கிழமைதானே?" என்று என்னிடம் கேட்டார். விளக்கிச் சொன்னதும் தலையாட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் அதற்கும் மேல் 20 விழுக்காடு டிப்ஸ் எழுதப் போனார். பரிமாறிய பெண்ணே அது தேவையில்லை என்று சொல்லித் தடுத்தார். பட்டியலில் போட்ட விலையிலேயே ஊதியமும் 10 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியும் அடங்கிவிடுவதால், ஆஸ்திரேலியாவில் டிப்ஸ் எதிர்பார்க்கப்படுவதில்லை. அமெரிக்க அணிகள் மிச்சப்படுத்தக்கூடிய எளிய தொகை இது ஒன்றுதான். அதே நாளில் அரங்கப் பணியாளர்கள், பேருந்து ஓட்டுநர் என்று எல்லோருக்கும் விடுமுறை நாள் விகிதம் பொருந்தியது. அன்றிலிருந்து பயண நிரலைக் கையில் எடுத்தவுடன், அணி தங்கும் ஒவ்வோர் ஊரின் மாநில விடுமுறையையும் உள்ளூர் விடுமுறையையும் தேடிக் குறித்த பிறகே மற்றதைப் பார்க்கிறேன். வெளியில் உண்ண வேண்டிய வேளைகளை வார நாள்களில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தங்குமிடத்திலேயே சமைக்கும்படி அமைத்தால், பல கஃபேக்கள் ஞாயிறன்று விதிக்கும் 10 விழுக்காடு கூடுதல் கட்டணத்தைத் தவிர்த்துவிடலாம்.

அடுத்தது பேருந்து. ஓட்டுநருடன் ஒரு பெரிய பேருந்தை நாள் முழுவதும் அமர்த்தினால், சிட்னியில் ஆயிரம் டாலருக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. அதைவிடவும் பலர் கவனிக்காத ஒன்று, ஓட்டுநரின் வேலை நேரத்துக்குச் சட்டம் விதித்துள்ள வரம்பு. வழக்கமான விதிப்படி அவர் 24 மணி நேரத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் பணி செய்யக் கூடாது; இடையில் தொடர்ச்சியாக ஏழு மணி நேர ஓய்வு கட்டாயம். காலை எட்டு மணிக்கு அணியை ஏற்றிக்கொண்டு போண்டாய் கடற்கரை, மதியம் பயிற்சி, மாலை ஏழரைக்குப் போட்டி என்று நிரல் போட்டால், இடையில் போதிய ஓய்வு எடுக்காத ஓட்டுநர், ஒன்பதரைக்குப் போட்டி முடியும்போது வண்டியைத் தொடவே முடியாது. இரண்டாவது ஓட்டுநரை வரவழைக்க வேண்டும். அவருக்குக் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் என்று கட்டணம் உண்டு. நம்மூரில் ஓட்டுநருக்கு ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுத்து, "அண்ணே, இன்னும் ஒரு மணி நேரம்" என்று கேட்டுக்கொள்கிற வழி இங்கே கிடையாது. அவருடைய பணி நேரம் பதிவாகியே ஆக வேண்டும். ஆகவே போட்டி நாளில் பேருந்தை மதியத்துக்குப் பிறகுதான் வரச் சொல்கிறேன். ஊர் சுற்றிப் பார்ப்பதைப் போட்டி இல்லாத நாளுக்குத் தள்ளி, அதை ரயிலில் முடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ரயில், பேருந்துக் கட்டணங்களில் நகரத்துக்கு நகரம் வேறுபாடு அதிகம் என்பதால், எந்த நகரத்தைத் தளமாக வைத்துக்கொள்வது என்பதே பணத்தைப் பற்றிய முடிவாகிவிடுகிறது. குவீன்ஸ்லாந்தில் 2024 ஆகஸ்டில் சோதனையாகத் தொடங்கிப் பின்னர் நிலையாக்கப்பட்ட திட்டத்தின்படி, பொதுப் போக்குவரத்தில் ஒரு பயணத்துக்கு 50 சென்ட்தான். பிரிஸ்பேனிலிருந்து கோல்ட் கோஸ்ட் போவதற்கும் அதே 50 சென்ட். சிட்னியில் ஒருவரின் ஒரு நாள் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு: திங்கள் முதல் வியாழன் வரை ஏறத்தாழ 20 டாலர், வெள்ளி முதல் ஞாயிறு வரை அதில் பாதி. அந்தப் பாதி வரம்புக்குள், 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நியூகாசலுக்கு ரயிலில் போய்ப் போட்டி ஆடிவிட்டுத் திரும்பிவிட முடியும். ஆனால் சிட்னி விமான நிலைய ரயில் நிலையத்தில் ஏறினாலும் இறங்கினாலும் வழக்கமான கட்டணத்துக்கு மேல் நிலைய அனுமதிக் கட்டணமாக ஆளுக்கு 17 டாலருக்கு மேல் தனியாகப் பிடிக்கிறார்கள். அது அந்த உச்சவரம்பில் அடங்காது. பதினெட்டுப் பேருக்கு முந்நூறு டாலரைத் தாண்டும் அந்தத் தொகையில், கிட் பைகளையும் ஏற்றிக்கொண்டு வாசல்வரை வந்துவிடும் வண்டியையே அமர்த்திவிடலாம்.

பயிற்சியாளரும் மேலாளரும் வண்டி ஓட்டுவார்கள் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் ஓட்டுநரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் வரை அமரும் வேனை சாதாரணக் கார் உரிமத்திலேயே ஓட்டலாம். ஆங்கிலத்தில் உள்ள இந்திய உரிமமும் சுற்றுலாப் பயணிக்குச் செல்லும். இரண்டு வேன்களை வாடகைக்கு எடுத்தால் பேருந்துச் செலவில் சரிபாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. ஆனால் சிட்னியின் சுங்கச் சாலைகளில் பணம் கட்டும் சாவடிகள் இல்லாமல் கேமராவே கணக்கு எழுதிக்கொள்வதையும், பள்ளிப் பகுதிகளில் வேகத்தை மீறினால் அபராதம் வாடகை நிறுவனம் வழியாக ஊருக்கே வந்து சேர்வதையும் ஓட்டுபவர் அறிந்திருக்க வேண்டும். முதல் நாள் இரவு விமானத்தில் தூங்காமல் வந்த பயிற்சியாளரிடம் சாவியைக் கொடுக்க நான் சம்மதிப்பதில்லை.

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். விளையாட்டை நேரடியாகப் பாதிப்பது இதுதான். தமிழ்நாட்டின் உள்மாவட்டம் ஒன்றிலிருந்து வந்த கிரிக்கெட் அணிக்கு, ஒவ்வொரு மாணவர் கையிலும் காலை, இரவு உணவுக்கென்று தினப்படியை டாலராகவே கொடுத்திருந்தார்கள். உடற்கல்வி இயக்குநரின் எண்ணம் நல்லதுதான். அவரவருக்குப் பிடித்ததை அவரவர் உண்ணட்டும் என்று விட்டிருந்தார். மூன்றாம் நாள் போட்டியில் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் தன் ஐந்தாவது ஓவரில் தொடைப் பிடிப்பால் உட்கார்ந்துவிட்டார். வெயில், புதிய ஊர் என்று எல்லோரும் காரணம் சொன்னார்கள். அவருடன் எல்லைக் கோட்டருகே அமர்ந்திருந்தபோது நான் கேட்டேன்: "தம்பி, காலையில் என்ன சாப்பிட்டாய்?" கொஞ்சம் தயங்கிவிட்டு, "பிரெட்டும் ஜாமும், அண்ணா. ராத்திரியும் அதுதான்" என்றார். ஒரு தட்டுச் சோறும் கோழியும் 22 டாலர் என்று பலகையில் பார்த்ததும், டாலருக்கு ஐம்பத்தைந்து ரூபாய்க்கு மேல் என்று மனத்துக்குள் பெருக்கி, அந்த ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் ரூபாயை ஒரு வேளை உணவுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. தினப்படியைச் சேர்த்து வைத்துப் புதிய ஸ்பைக் காலணியும் அம்மாவுக்கு ஒரு கைப்பையும் வாங்கத் திட்டமிட்டிருந்தார். விசாரித்தபோது அணியில் பாதிப் பேர் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

இது பசியால் வாடுகிற வறுமை இல்லை. பழக்கப்பட்ட விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிற மனம் தானாகச் செய்யும் சிக்கனம். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் இதைச் செய்வதைக் கண்டிருக்கிறேன். அமெரிக்க மாணவர்களும் தினப்படியை மிச்சம் பிடித்துக் காலணி வாங்குகிறார்கள். ஆகையால் என் உறுதியான கருத்து, மாணவர் கையில் பணமாகக் கொடுக்காமல் உணவாகவே கொடுக்க வேண்டும் என்பது. அன்று மாலையே இயக்குநரிடம், "சார், மிச்சமிருக்கிற நாள்களுக்குத் தினப்படியைப் பொதுவில் போட்டுச் சமைத்துவிடலாம்" என்றேன். அவருக்கு மாணவர்களிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்கச் சங்கடமாக இருந்தது. பாதியை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மற்றப் பாதியை மட்டும் வாங்கினார். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

தங்கியிருந்த இடத்தில் சமையலறை இருந்ததால் மட்டுமே அது சாத்தியமாயிற்று. சிட்னியின் வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பகுதிகளில் உள்ள நம்மவர் கடைகளில் பெரிய பை அரிசி, துவரம்பருப்பு, சாம்பார்ப் பொடி, உறைய வைத்த பரோட்டா எல்லாமே கிடைக்கின்றன. சூப்பர்மார்க்கெட்டுகளில் சூடாக விற்கும் முழு வறுத்த கோழி ஏறத்தாழ 12 டாலர். மூன்று பேருக்குத் தாராளமாகப் போதும். பறவைக் காய்ச்சலால் முட்டை உற்பத்தி குறைந்து, ஆளுக்கு இரண்டு பெட்டிக்கு மேல் தரமாட்டோம் என்று கடைகள் வரம்பு வைத்திருந்த நேரம் அது. பதினாறு பேருக்குக் காலையில் ஆளுக்கு மூன்று முட்டை என்றால் நாளுக்கு நான்கு டஜன். மாணவர்கள் இரண்டிரண்டு பேராக, ஒருவரையொருவர் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, வெவ்வேறு கல்லா வழியாக இரண்டு பெட்டிகளுடன் வெளியே வந்ததைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. விதியை யாரும் மீறவில்லை. ஆளுக்கு இரண்டுதான் வாங்கினார்கள். ஆனாலும் அந்த நடிப்பில் அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது.

போட்டி நாளின் மதிய உணவுக்கு இங்குள்ள பூங்காக்களே பெரிய உதவி. உள்ளூராட்சி மன்றங்கள் பல பூங்காக்களில் மின்சார பார்பெக்யூ அடுப்புகளைப் பொதுமக்களுக்காக இலவசமாக வைத்திருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் சூடாகும், உண்டு முடித்தபின் துடைத்து வைத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். தோசை மாவை எடுத்துப்போய் அந்த இரும்புத் தட்டில் வார்த்த அணியும் உண்டு. வார இறுதியில் பன்னிங்ஸ் என்னும் கட்டுமானப் பொருள் கடைகளின் வாசலில் தொண்டு அமைப்புகள் விற்கும் சாசேஜ் ரொட்டி, 2022-இல் இரண்டரை டாலரிலிருந்து மூன்றரை டாலராக உயர்ந்தபோது நாடே அதைப் பேசியது. இன்றும் நகரில் மலிவாகக் கிடைக்கும் சூடான பண்டங்களில் அது ஒன்று. ஆனால் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தவிர்ப்பவர்கள் விசாரித்துவிட்டே வாங்க வேண்டும். சைவ உணவு மட்டுமே உண்பவர்களுக்கு, ஹெலன்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயில் உணவகம் வார இறுதிப் பயணத்தில் வழியிலேயே கிடைத்துவிடும். உலங்காங்குக்குப் போட்டிக்காகப் போகும் அணிகளை அங்கே நிறுத்தி இட்லி, தோசை உண்ண வைத்துவிடுகிறேன். குடிநீரை நினைவில் வைப்பது எளிது: குழாய் நீர் நேரடியாகக் குடிக்கத் தக்கது, எனவே அரங்கத்தில் பாட்டிலுக்கு நான்கு, ஐந்து டாலர் கொடுப்பதற்கு எந்த அவசியமும் இல்லை. ஆளுக்கொரு பெரிய குடுவையை ஊரிலிருந்தே கொண்டு வரச் சொல்கிறேன்.

தங்குமிடத்தில் நாள் தேர்வுதான் எல்லாம். பல்கலைக்கழகங்களின் மாணவர் விடுதிகள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காலியாக இருப்பதால், கிரிக்கெட் அணிகளுக்கு அவை ஹோட்டலைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கின்றன. ஆகஸ்டில் வரும் அமெரிக்க அணிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை, அப்போது வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும். நரபீனில் மாநில அரசு நடத்தும் சிட்னி விளையாட்டுக் கழகத்தில் தங்குமிடமும் உணவும் மைதானமும் ஒரே வளாகத்தில் இருப்பதால் பேருந்துச் செலவு பெருமளவு குறைகிறது. சிட்னியில் புத்தாண்டு வாரம், மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் நடக்கும் ஜனவரி, மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தய வாரம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். 2024 பிப்ரவரியில் டெய்லர் ஸ்விஃப்ட் இசை நிகழ்ச்சிகள் நடந்த வாரங்களில் இரு நகரங்களிலும் அறை தேடியவர்களுக்கு அந்த அனுபவம் மறக்காது. வாடகை குறைவு என்பதற்காக நகரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் அறை எடுப்பதும் ஏமாற்றும் சிக்கனம். மிச்சப்பட்டதைப் பேருந்து வாங்கிக்கொள்ளும், ஆட்டக்காரர்களின் தூக்கத்தையும் சேர்த்து.

பழைய முறை ஒன்று இன்னும் முழுவதும் மறைந்துவிடவில்லை. எதிரணி கிரிக்கெட் மன்றத்தின் உறுப்பினர்கள் தங்கள் வீடுகளில் இருவர் மூவராக மாணவர்களை ஏற்றுக்கொள்வார்கள். நாளை அவர்கள் இந்தியா வந்தால் கல்லூரி அவர்களைப் பார்த்துக்கொள்ளும். சில இரவுகளுக்கு அப்படி அமைந்தால் கூட வாடகையில் பெரிய பங்கு குறைந்துவிடும். ஆனால் முதலாண்டு மாணவர்களில் பதினெட்டு வயது நிறையாதவர்கள் இருந்தால், சிறார் பாதுகாப்பு தொடர்பான சரிபார்ப்புகள் தேவைப்படும் என்பதால் பிறந்த தேதிப் பட்டியலை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். மைதானத்துக்கும் இதே உறவு உதவுகிறது. நாமே இயற்கைப் புல்தரை (டர்ஃப்) ஆடுகளத்தை வாடகைக்கு எடுத்து, நடுவருக்கும் பராமரிப்பாளருக்கும் பணம் கட்டுவதைவிட, உள்ளூர் கிரிக்கெட் மன்றத்தின் விருந்தினராக அவர்களுடைய மைதானத்தில் ஆடுவது பலமடங்கு மலிவு. சனிக்கிழமைகளில் அவர்களுக்குத் தொடர் ஆட்டங்கள் இருக்கும். வார நாளில் அவர்கள் வேலைக்குப் போவார்கள். ஆனால் கோடை நேர மாற்றத்தால் டிசம்பரில் எட்டு மணி வரை வெளிச்சம் இருப்பதால், ஐந்து மணிக்குத் தொடங்கும் இருபது ஓவர் ஆட்டத்துக்குப் பெரும்பாலான மன்றங்கள் மகிழ்ச்சியோடு சம்மதிக்கின்றன.

சுமைகளைப் பற்றிச் சுருக்கமாக: சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் என்று மூன்று நகரங்களைத் தொட வேண்டும் என்ற ஆசையைக் குறைத்துக்கொண்டால் உள்நாட்டு விமானக் கட்டணத்தோடு கிட் பைகளின் கூடுதல் எடைக் கட்டணமும் ஒழியும், ஜெட்ஸ்டார் போன்ற மலிவு விமானங்களில் அடிப்படைக் கட்டணத்துக்குக் கைப்பை ஏழு கிலோ வரைதான், மற்றவை தனிக் கணக்கு. ஸ்பைக் காலணிகளில் ஒட்டிய மண்ணைப் புறப்படும் முன்பே தேய்த்துக் கழுவி, வருகை அட்டையில் அறிவிக்க வேண்டும். உயிரியல் பாதுகாப்பு அதிகாரிகள் இதில் விட்டுக்கொடுப்பதில்லை, அறிவிக்காமல் மாட்டிக்கொண்டால் அபராதம் ஒருவரின் பல நாள் உணவுச் செலவைத் தாண்டும். பால் சேர்ந்த இனிப்புகளையும் கறிவேப்பிலையையும் எடுத்து வர வேண்டாம். ஹோட்டல் சலவைக்கு உருப்படி ஒன்றுக்கு இத்தனை டாலர் என்பதால், நாணயம் போட்டுத் துவைக்கும் சலவையகத்துக்கு இரண்டு மாணவர்களை முறைவைத்து அனுப்புவதே வழக்கம்.

காயம் பட்டால் ஆகும் செலவைப் பெரும்பாலானோர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். ஆஸ்திரேலிய அரசின் மெடிகேர் வசதி சில நாட்டுப் பயணிகளுக்கு ஒப்பந்த அடிப்படையில் உண்டு. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அத்தகைய ஒப்பந்தம் இல்லை. ஆம்புலன்ஸ் அழைத்தாலே பில் வரும். ஸ்லிப்பில் நின்ற மாணவர் ஒருவருக்கு விரல் முறிந்தபோது, மருத்துவர், எக்ஸ்ரே, கட்டு என்று ஆன தொகை அணியின் இரண்டு நாள் உணவுச் செலவுக்குச் சமமாக இருந்தது. கல்லூரி எடுத்திருந்த பயணக் காப்பீட்டில், ஒழுங்கமைக்கப்பட்ட போட்டிகளில் ஏற்படும் காயங்களுக்குப் பொறுப்பில்லை என்று ஒரு விலக்கு எழுதியிருந்தது. விளையாட வருகிற குழுவுக்கு விளையாட்டுக் காயத்தை விலக்கிய காப்பீட்டை விற்பவரை என்னவென்று சொல்வது! பத்திரத்தின் விலக்குப் பகுதியைப் படித்து, போட்டிக் காயமும் சேர்க்கப்பட்டிருப்பதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் விமானச் சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் எழுதுகிறேன்.

இவை அனைத்தையும்விட என்னை உறுத்துவது ஒன்று உண்டு. செலவு உயர உயர, அணியில் யார் வருகிறார்கள் என்பதே மாறிவிடுகிறது. முதலில் பிசியோதெரபிஸ்ட்டை விடுகிறார்கள். பிறகு பதினெட்டுப் பேர் பதினான்கு பேராகிறார்கள். அதனால் ஒருவருக்கு வலி என்றாலும் ஓய்வு கொடுக்க முடியாமல் அடுத்த ஆட்டத்திலும் இறக்குகிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக அணியில் செலவைப் பல்கலைக்கழகமும் அதன் கொடையாளர்களும் ஏற்பதால், தகுதியுள்ளவர் வருகிறார். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் மாணவரின் குடும்பமே கட்டுகிறது. மூன்று இலட்சம் ரூபாயைத் தாண்டும் பங்குத்தொகையைக் கட்ட முடிந்தவர்களின் பட்டியலும், மண்டலப் போட்டிகளில் விக்கெட் எடுத்தவர்களின் பட்டியலும் ஒன்றாக இருப்பதில்லை. "எங்களுடைய நல்ல ஆஃப் ஸ்பின்னர் ஊரிலேயே இருக்கிறான், சார்" என்று ஓர் அணித் தலைவர் டாஸ் போட்டுவிட்டு வரும்போது என்னிடம் சொன்னதுண்டு. அத்தகைய அணி இங்கே தோற்றுவிட்டுப் போனால், ஆடுகளத்தில் பந்து எழும்புவதைக் காரணமாகச் சொல்கிறார்கள்.

இதற்கு ஒரு கல்லூரி கண்ட வழியைப் பார்த்தேன். முதலில் அணியைத் தேர்ந்தெடுத்துப் பெயர்களை அறிவித்தார்கள். பிறகே செலவைக் கூட்டினார்கள். மெல்போர்னைக் கைவிட்டு சிட்னி, நியூகாசல், உலங்காங் மூன்றோடு நிறுத்திக்கொண்டு, மாணவர் விடுதியில் தங்கி, தாங்களே சமைத்ததால் ஆளுக்கு ஆகும் தொகை கணிசமாக இறங்கியது. கட்ட முடியாத மூவரின் பங்கை, சிட்னியில் வேலை பார்க்கும் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்கள் பிரித்துக்கொண்டார்கள். யாருடைய பங்கை யார் கட்டினார்கள் என்பது இயக்குநருக்கு மட்டும்தான் தெரியும். அவர்கள் டிசம்பர் பயணத்துக்கு ஏப்ரலிலேயே எங்களுக்கு எழுதியிருந்ததும் ஒரு காரணம். உள்ளூராட்சி மன்றங்கள் கோடைக்கால மைதானங்களைக் குளிர்காலத்திலேயே விளையாட்டு மன்றங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. விடுதி அறைகளும் அப்படியே. செப்டம்பரில் வரும் கடிதங்களுக்கு எங்களால் தர முடிவதெல்லாம் ஹோட்டல் அறைகளும் சனி, ஞாயிறுப் பேருந்துகளும்தான்.